வாங்காத கடனைக் கட்டாதீர்கள்

கேள்வி:

ஐயா, நான் திருப்பாலைக்குடியில் இருக்கிறேன். கணவர் வள்ளத்தில் நண்டு வலைக்குப் போகிறார். மகளிர் குழுவில் பல வருடங்களாகக் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டி வருகிறேன். வள்ளத்துக்குப் புது இன்ஜின் வாங்க வங்கியில் கடன் கேட்டபோது, என் பெயரில் ஏற்கெனவே இரண்டு கடன்கள் நிலுவையில் இருப்பதாகவும் சிபில் கெட்டுவிட்டதாகவும் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். செல்போன் ஆப்பில் வாங்கிய கடனாம். நான் ஆப்பில் கடன் வாங்கியதே இல்லை. இப்போது தினமும் போன் வருகிறது. வட்டியோடு 46,000 ரூபாய் என்கிறார்கள்; 12,000 கட்டினால் முடித்துக்கொள்கிறோம் என்றும் சொல்கிறார்கள். நாத்தனாருக்கும் போன் செய்து அசிங்கப்படுத்திவிட்டார்கள். 'போனது போகட்டும், கட்டித் தொலை' என்கிறார் மாமியார். போன மீன்பிடித் தடைக்காலத்தில் பஸ் நிறுத்தத்தில் குடை போட்டு சிம் விற்ற பையன்கள், ரேகை விழவில்லை என்று சொல்லி நாலைந்து தடவை என் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். அதே சமயத்தில் நிவாரணத்துக்கு எழுத வேண்டும் என்று ஆதார், பான் கார்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இவை தவிர வேறெதுவும் ஞாபகம் வரவில்லை. ஆதார் எண்ணை மாற்றிவிட முடியுமா? என் தம்பி ராமேஸ்வரத்தில் சின்ன லாட்ஜ் நடத்துகிறான். தங்க வருகிறவர்களின் ஆதாரை அவனும் போனில்தான் படம் எடுத்து வைக்கிறான். அவன் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாமியார் பேச்சைக் கேட்காதீர்கள். 12,000 என்ன, 12 ரூபாய் கூடக் கட்டாதீர்கள். வங்கியில் கடன் பிரிவில் காலம் தள்ளியவன் நான். கட்டிவிட்டால் தொல்லை விடும் என்று நம்பிக் கட்டியவர்களுக்குத்தான் தொல்லை நீண்டதைப் பார்த்திருக்கிறேன்.

கடன் என்பது ஓர் ஒப்பந்தம். நீங்கள் கேட்கவில்லை, சம்மதிக்கவில்லை, பணம் உங்கள் கைக்கு வரவில்லை என்றால் அது உங்கள் கடன் அல்ல. உங்கள் பெயரைச் சொல்லி யாரோ அந்த நிறுவனத்தை ஏமாற்றியிருக்கிறார்கள். ஏமாந்தது நிறுவனம். யாருக்குக் கொடுக்கிறோம் என்று சரிபார்க்காமல் கொடுத்ததற்கு அவர்கள்தான் பொறுப்பு. ஆனால் நீங்கள் ஒரு தொகையைக் கட்டிவிட்டால் கதை மாறிவிடும். 'கடன்தாரரே பகுதித் தொகை செலுத்தினார்' என்று அவர்கள் கணக்கில் ஏறும். கிரெடிட் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழும். முழுதாகக் கட்டாமல் பேரம் பேசி முடித்தவர் என்று அதற்குப் பொருள். எந்த வங்கி மேலாளரும் அதைப் பார்த்து முகம் சுளிப்பார். 12,000 ரூபாயும் போய், இன்ஜின் கடனும் கிடைக்காது. கூடவே, மிரட்டினால் இந்த அம்மா கட்டுவார் என்ற செய்தியும் அவர்களுக்குள் பரவும்.

அடுத்து, போனில் பேசுகிறவர் உண்மையிலேயே கடன் நிறுவனத்தின் ஆள்தானா என்று உங்களுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளப் போனில் வாக்குவாதம் செய்ய வேண்டாம். உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். நாம் எல்லாவற்றையும் சிபில் என்று சொல்லிவிடுகிறோம். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நான்கு நிறுவனங்கள் கடன் விவரங்களைத் திரட்டுகின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நான்கையும் எடுங்கள். ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கும். இணையதளத்தில் உங்கள் செல்போன் எண்ணை ஏற்காவிட்டால், அடையாள நகலை இணைத்து எழுதியும் கேட்கலாம்.

ரிப்போர்ட் வந்ததும் எல்லோரும் முதலில் மதிப்பெண்ணைத் தேடுவார்கள். உங்களுக்கு இப்போது அது தேவையில்லை. தொடர்பு விவரங்கள் என்று ஒரு பகுதி இருக்கும். உங்கள் பெயரில் கடன் கேட்டவர்கள் கொடுத்த முகவரிகளும் போன் எண்களும் அங்கே வரிசையாக இருக்கும். நீங்கள் வாழ்நாளில் போகாத ஊரின் முகவரியோ, உங்களுடையதல்லாத போன் எண்ணோ அங்கே இருந்தால், அதுதான் திருடன் விட்டுப்போன தடயம். அதைப் பேனாவால் வட்டமிட்டு ஒரு நகல் எடுத்து வையுங்கள். அடுத்து 'விசாரணைகள்' பகுதியைப் பாருங்கள். எந்தெந்த நிறுவனங்கள், எந்தெந்தத் தேதியில் உங்கள் விவரத்தைப் பார்த்தன என்று அதில் இருக்கும். அங்கே தெரியாத பெயர்கள் நிறைய இருந்தால், இந்த இரண்டோடு நிற்காமல் இன்னும் பல இடங்களில் முயன்றிருக்கிறார்கள் என்று பொருள். கடன் பகுதியில் கடன் தொடங்கிய தேதியும், கொடுத்த நிறுவனத்தின் சரியான பெயரும் கிடைக்கும். ஆப்பின் பெயர் ஒன்றாகவும் கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர் வேறாகவும் இருக்கும். நீங்கள் எழுத வேண்டியது நிதி நிறுவனத்துக்கு.

எழுதும்போது நான் நிரபராதி, பிள்ளை குட்டிக்காரி என்று உருக வேண்டாம். ஒரே ஒரு கேள்வியை அழுத்திக் கேளுங்கள்: பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது?

ஆப் வழியாகத் தரும் கடன், சில விதிவிலக்குகள் தவிர, கடன் வாங்குபவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே நேரடியாகப் போக வேண்டும். ஆப் நடத்துகிறவரின் கணக்கு வழியாகக் கூடப் போகக்கூடாது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் கொண்டுவந்த விதி இது; 2025 மே மாதம் வந்த டிஜிட்டல் கடன் வழிகாட்டுதல்களிலும் தொடர்கிறது. ஆகவே பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். வேறு யாருடைய கணக்குக்கோ போயிருந்தால், விதியை மீறியது நிறுவனம். உங்களிடம் கேட்க அவர்களுக்கு வாயில்லை. அல்லது உங்கள் பெயரிலேயே, உங்களுக்குத் தெரியாமல் திறந்த ஒரு கணக்குக்குப் போயிருக்கும். இது முன்னதைவிடக் கவலைக்குரியது. அந்தக் கணக்கு இந்தக் கடனுக்காக மட்டும் திறந்ததாக இருக்காது. ஊரில் யார் யாரையோ ஏமாற்றிய பணம் அதன் வழியாகக் கை மாறிக்கொண்டிருக்கலாம். நாளைக்கு வெளிமாநிலப் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் அதற்காகத்தான் இருக்கும். அப்படிக் கணக்கு இருப்பது தெரிந்தால் அந்த வங்கிக்கு அன்றைக்கே எழுதி முடக்கச் சொல்லுங்கள்.

கடிதம் இந்த மாதிரி இருந்தால் போதும்: 'தங்கள் நிறுவனத்தில் இந்த எண்ணுள்ள கடன் என் பெயரில் காட்டப்பட்டிருக்கிறது. இதற்கு நான் விண்ணப்பிக்கவில்லை, பணமும் பெறவில்லை. தொகை செலுத்தப்பட்ட வங்கிக் கணக்கின் எண்ணும் அதன் உரிமையாளர் பெயரும், விண்ணப்பத்தில் கொடுத்த செல்போன் எண், எடுக்கப்பட்ட புகைப்படம், பெறப்பட்ட ஆவணங்களின் நகல், ஒப்பந்தத்தின் நகல் ஆகியவற்றை எனக்கு அனுப்ப வேண்டும். கடனை மோசடி எனக் குறித்து, கடன் தகவல் நிறுவனங்களில் என் பெயரிலிருந்து நீக்க வேண்டும். அதுவரை வசூல் நடவடிக்கையை நிறுத்த வேண்டும்.' கடன் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டு, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். இரண்டு கடன்கள் இரண்டு நிறுவனங்களுடையவை என்றால் இரண்டு கடிதங்கள். தபால் ரசீதைப் பாஸ்புக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நாள் கணக்குப் பார்க்க அதுதான் ஆதாரம்.

அதே வாரத்தில் காவல்துறைப் புகாரும் வேண்டும். 1930 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதியலாம். நேரில் போக நினைத்தால் ராமநாதபுரத்தில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. உள்ளூர் நிலையத்தில் 'இது எங்கள் எல்லையில் நடக்கவில்லை' என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்யலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு சொல்கிறது. அப்படியும் மறுத்தால் அதே பிரிவின்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு அடையாளத் திருட்டுக்கு, 66டி பிரிவு கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கு. இரண்டுக்கும் 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பிரிவு எண்களைப் புகாரில் குறிப்பிட்டால், எழுதியவர் விஷயம் தெரிந்தவர் என்று எதிரில் இருப்பவருக்குப் புரியும். உடனே எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். நிதி நிறுவனத்துக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் அந்த ரசீதின் நகலைத்தான் இணைக்கப் போகிறோம்.

கடன் தகவல் நிறுவனங்களிடம் தனியாக ஆட்சேபம் பதிய வேண்டும். ஒவ்வொன்றின் இணையதளத்திலும் அதற்கு வசதி உண்டு. புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் உத்தரவிட்டது. கேட்டால்தான் தருவார்கள் என்பது நம் நாட்டு வழக்கம், கேளுங்கள்.

இப்போது அந்தக் குடைக்காரப் பையன்கள். உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் அதுதான். சிம் விற்கும்போது ஒரு இணைப்புக்கு ஒருமுறை ரேகை வாங்கினால் போதும். 'விழவில்லை, இன்னொரு தரம் வையுங்கள்' என்று சொல்லி, முதல் ரேகையில் உங்களுக்கு ஒரு சிம்மும் இரண்டாவதில் உங்கள் பெயரிலேயே தங்களுக்கு ஒரு சிம்மும் எடுத்துக்கொள்வது பழைய தந்திரம். வேறு ஊரில் என்றால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். நம் கடற்கரையில் சந்தேகப்பட மாட்டார்கள். கயிறு இழுத்து, வலையிலிருந்து நண்டு கழற்றி, ஐஸிலும் கருவாட்டு உப்பிலும் ஊறிய கைகளில் ரேகை எங்கே தெளிவாக இருக்கிறது? ரேஷன் கடையில் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பழகியவர்கள் நாம். ரேகை விழவில்லை என்று சொன்னால் நம் விரலைத்தான் குறை சொல்லிக்கொள்வோம். அவர்களுக்கு அது வசதியாகப் போய்விடுகிறது.

உங்கள் பெயரில் எத்தனை சிம்கள் இருக்கின்றன என்பதை ஐந்து நிமிடத்தில் பார்க்கலாம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து ஓ.டி.பி. போட்டால் பட்டியல் வரும். ஒருவர் பெயரில் 9 இணைப்புகள் வரை இருக்கலாம் என்பது நம் பக்கத்து விதி. அதனால் கூடுதலாக ஒன்றிரண்டு எண்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் எந்த எச்சரிக்கையும் வராது. பட்டியலில் தெரியாத எண் இருந்தால் 'என் எண் அல்ல' என்பதைத் தேர்ந்தெடுத்துப் புகார் செய்யுங்கள். ஆனால் அதற்கு முன் திரையைப் படம் எடுத்து வையுங்கள். அந்த எண்ணின் கடைசி இலக்கங்களும் கிரெடிட் ரிப்போர்ட்டில் வட்டமிட்ட எண்ணும் ஒன்றாக இருந்தால் உங்கள் வழக்கில் பாதி முடிந்தது. உங்கள் பெயரிலுள்ள சிம்மும், பான் கார்டு படமும், ஆதார் படமும் கையில் இருந்தால், மேலோட்டமாகச் சரிபார்க்கும் ஒரு ஆப்பை ஏமாற்ற வேறெதுவும் தேவையில்லை. பெரும்பாலும் உங்களுக்கு நடந்தது இதுதான்.

தடைக்காலத்தில் இவர்கள் வருவதும் தற்செயல் அல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. நிவாரணத் தொகை எப்போது கணக்கில் ஏறும் என்று ஊரே காத்திருக்கிறது. அந்த நேரத்தில் யார் வந்து 'பெயர் எழுத வேண்டும், ஆதார் கொடுங்கள்' என்றாலும் கை தானாக நீளும். மீன்வளத் துறைக்கோ சங்கத்துக்கோ நேரில் போய்க் கொடுப்பதைத் தவிர, தெருவில் கேட்பவருக்கும் போனில் கேட்பவருக்கும் கொடுக்காதீர்கள். மகளிர் உரிமைத்தொகை நின்றுவிட்டது, ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று வரும் போனும் இதே இனம்தான்.

ஜெராக்ஸ் கடைக்காரர் மீது நான் பழி போடவில்லை. பாவம், அவர் பிழைப்பு அது. ஆனால் அந்தக் கடைக் கணினியை ஒருநாள் எட்டிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் பதிவிறக்கப் பகுதியில் அப்படியே கிடக்கும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழுக்குப் பக்கத்தில் பாஸ்போர்ட், அதன் பக்கத்தில் நிலப் பத்திரம், அதன் பக்கத்தில் உங்கள் பான் கார்டு. கடையில் வேலை செய்யும் பையன் முதல் கணினி பழுதுபார்க்க வருகிறவர் வரை எல்லோரும் பார்க்கலாம். அட்டையைக் கையில் கொண்டுபோய்க் கண்ணாடி மேல் வைத்து நகல் எடுத்துக்கொண்டு வருவதுதான் நல்லது. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், அச்சடித்து முடித்ததும் கணினியிலும் போனிலும் அழிக்கச் சொல்லி, அழிக்கும்வரை நின்று பாருங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்; கோபித்தால் வேறு கடை.

ஆதார் எண்ணை மாற்ற முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். கேட்டால் புது எண் தரும் ஏற்பாடு கிடையாது. அது தேவையும் இல்லை. எண்ணை வைத்துக்கொண்டு மட்டும் ஒருவன் பெரிதாக எதுவும் செய்துவிட முடியாது. எண்ணோடு உங்கள் ரேகையோ உங்கள் போனுக்கு வரும் ஓ.டி.பி.யோ சேரும்போதுதான் ஆபத்து. அதிலும் ரேகைதான் எனக்குக் கூடுதல் கவலை. ஊருக்குள் சின்ன இயந்திரத்தோடு வந்து பணம் எடுத்துத் தருகிற வங்கி முகவரிடம், வங்கியின் பெயர், ஆதார் எண், கட்டைவிரல் ஆகிய மூன்றும் போதும். பின் நம்பரும் கிடையாது, ஓ.டி.பி.யும் கிடையாது. 2018-இல் தெலங்கானாவில் சிம் விற்பனை செய்த ஒருவர், நிலப் பதிவுப் பத்திரங்களில் இருந்த ரேகைகளிலிருந்து அச்சு தயாரித்து ஆயிரக்கணக்கில் சிம்களை உயிர்ப்பித்துப் பிடிபட்டார். விற்பனை இலக்கை எட்டுவதற்காகச் செய்தாராம். இலக்குக்காகச் செய்ததைப் பணத்துக்காகச் செய்ய ஆள் இல்லாமலா போவார்கள்?

ஆகவே ஆதார் ஆணையத்தின் செயலியில் பயோமெட்ரிக் லாக் போட்டுவிடுங்கள். 1947-ஐ அழைத்தால் தமிழிலேயே வழி சொல்வார்கள். பூட்டிவிட்டால் உங்கள் ரேகையையோ கருவிழியையோ வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. இதில் ஒரு சங்கடம் உண்டு. ரேஷன் கடையில் உங்கள் ரேகையும் விழாது. சாமான் வாங்கப் போகும் அன்று வரிசையில் நிற்கும்போதே செயலியில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளுங்கள். சில நிமிடங்களில் தானாகப் பூட்டிக்கொள்ளும். இது தொந்தரவு என்று தோன்றினால், குடும்ப அட்டையில் பெயருள்ள இன்னொருவர் ரேகை வைக்கட்டும். அதே செயலியில் கடந்த ஆறு மாதங்களில் உங்கள் ஆதார் எங்கெங்கே பயன்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும். நீங்கள் வீட்டில் இருந்த நாளில், தெரியாத ஒரு நிறுவனம் ரேகை சரிபார்த்ததாக இருந்தால் அதையும் புகாரில் சேருங்கள். ஆதாரோடு இணைந்திருப்பது இப்போது உங்கள் கையில் உள்ள செல்போன் எண்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். கணவரின் பழைய எண்ணை இணைத்துவிட்டு மறந்தவர்கள் நம் ஊர்களில் ஏராளம்.

பான் கார்டும் போயிருப்பதால் இன்னொரு இடத்தையும் பார்க்க வேண்டும். வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணுக்கு ஓர் ஆண்டுத் தகவல் அறிக்கை இருக்கும். உங்களுக்குத் தெரியாத வங்கியிலிருந்து வட்டி வந்ததாகவோ, நீங்கள் லட்சக்கணக்கில் வியாபாரம் செய்ததாகவோ அதில் இருந்தால், உங்கள் பெயரில் கணக்கோ ஜி.எஸ்.டி. பதிவோ நடக்கிறது. தெரிந்த ஆடிட்டர் யாரிடமாவது காட்டினால் பத்து நிமிட வேலை.

இதற்கிடையில் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்து பணம் எதுவும் போனால், அது தனி விஷயம். அங்கே நேரம்தான் முக்கியம். உடனே 1930, உடனே வங்கி. உங்கள் தவறு இல்லாமல் மூன்றாம் நபர் செய்த மோசடியை 3 வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது என்று 2017 ஜூலையிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வாடிக்கையாளர் தவறு செய்தார் என்று நிரூபிப்பதும் வங்கியின் வேலைதான்.

போனில் மிரட்டுகிறவர்களைப் பற்றி. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக்கூடாது. கடன்தாரரின் உறவினர்களைக் கூப்பிட்டு அவமானப்படுத்தவும் கூடாது. கடன் ஆப்புகள் போனிலுள்ள தொடர்பு எண்களைத் தொடவே கூடாது என்பதும் விதி. ஒருமுறை மட்டும் பேசுங்கள்: 'இது மோசடிக் கடன், எழுத்தில் ஆட்சேபித்துவிட்டேன், புகார் எண் இது, இனி எழுத்தில் பேசுங்கள்.' அத்தோடு வைத்துவிடுங்கள். அழைப்புகளைப் பதிவு செய்து, தேதி நேரத்தோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். நாத்தனாரையும் அவருக்கு வந்த அழைப்பைப் பற்றி இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஊரில் மானம் போய்விட்டதே என்று நினைக்காதீர்கள். வீட்டில் திருட்டுப் போனவரை ஊர் குற்றவாளி என்று சொல்வதில்லை. குழுக் கூட்டத்தில் நீங்களே எழுந்து நடந்ததைச் சொல்லுங்கள். அந்தக் குடைக்கு அடியில் விரல் வைத்த பெண்கள் இன்னும் நாலு பேராவது அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.

இனி உங்கள் தம்பி. அவருக்குத்தான் நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்காவுக்கு நடந்தது அவர் போனிலிருந்து இன்னொருவருக்கு நடக்கலாம். வடக்கே காசியிலிருந்தும் தெற்கே கன்னியாகுமரியிலிருந்தும் தீர்த்தமாட வந்தவர்களின் ஆதாரெல்லாம் அவருடைய சொந்தப் போனில், குழந்தைகளின் பிறந்தநாள் படங்களோடு கலந்து கிடக்கிறது. போன் தொலைந்தால், விற்றால், பழுதுபார்க்கக் கொடுத்தால் என்ன ஆகும்?

தங்குகிறவர் யார் என்று தெரிந்துகொண்டு பதிவேட்டில் எழுதுவது அவருடைய கடமை. போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும். ஆனால் அட்டையைப் பார்த்து எழுதுவது வேறு, அதன் முழு நகலைச் சேர்த்து வைப்பது வேறு. 2022 மே மாதத்தில் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், கண்ட இடத்தில் ஆதார் நகலைக் கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள் என்று அறிக்கை விட்டது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று சொல்லி மத்திய அரசு இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. அறிக்கை போனாலும் அந்த வசதி போகவில்லை. முதல் எட்டு இலக்கங்கள் மறைத்த ஆதாரை யார் வேண்டுமானாலும் ஆணையத்தின் தளத்திலிருந்து பதிவிறக்கிக்கொள்ளலாம். தம்பி அதையே கேட்டு வாங்கட்டும், அல்லது வாக்காளர் அட்டையையோ ஓட்டுநர் உரிமத்தையோ பார்த்து எழுதிக்கொள்ளட்டும். அட்டையிலுள்ள க்யூ.ஆர். குறியீட்டை ஆணையத்தின் செயலியில் ஸ்கேன் செய்தால் அது அசலா போலியா என்பதும் தெரிந்துவிடும். வெறும் நகலை வாங்கி வைப்பதால் அது தெரியாது. போலி அட்டையின் நகல் கட்டுக்கட்டாக இருந்து என்ன பயன்?

நகல் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அதன் குறுக்கே, எழுத்து அட்டைப் படத்தின் மேலேயே விழும்படி, 'லாட்ஜில் தங்க மட்டும்' என்று தேதியோடு விருந்தினர் கையாலேயே எழுதச் சொல்லலாம். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். நீங்களும் இனி எங்கே நகல் கொடுத்தாலும் இதைச் செய்யுங்கள். காகிதங்கள் பூட்டுள்ள அலமாரியில் இருக்க வேண்டும். எத்தனை காலம் வைக்க வேண்டும் என்று உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டுக்கொண்டு, அந்தக் காலம் முடிந்ததும் கிழித்து எரிக்க வேண்டும். எடைக்குப் போட்டால் அவை வடை மடித்துத் திரும்பி வரும். போனிலுள்ள படங்களை இன்றைக்கே அழிக்கட்டும். 'அழித்தவை' பகுதியிலும், தானாகச் சேமிக்கும் இணையக் கணக்கிலும் அழிக்க வேண்டும். வரவேற்பறைப் பையன்களின் போனிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பிறர் விவரத்தைக் கணினியிலோ போனிலோ சேர்ப்பவர் அதைப் பாதுகாக்க வேண்டும். கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்கே தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. உங்கள் தம்பிக்கு அவ்வளவு போட மாட்டார்கள். ஆனால் சின்ன லாட்ஜ்தானே என்ற சாக்கு இனி எடுபடாது என்று மட்டும் அவருக்குச் சொல்லிவையுங்கள்.

அவருடைய லாட்ஜின் பெயரையே திருடுகிறவர்களும் இருக்கிறார்கள். லாட்ஜின் பெயரையும் படங்களையும் போட்டுத் தங்கள் போன் எண்ணை இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அறை கிடைக்காதோ என்ற பதற்றத்தில் வெளியூர்க்காரர் அந்த எண்ணுக்கு முன்பணம் அனுப்பிவிட்டுக் குடும்பத்தோடு வந்து இறங்குவார். வசவு வாங்குவது தம்பி. கோயில் ஊர்கள் எல்லாவற்றிலும் நடக்கும் வியாபாரம் இது. கூகுள் மேப்பில் லாட்ஜின் பதிவைத் தன் பொறுப்பில் எடுத்து, எண்ணை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். அந்த எண்ணை வேறு யாரும் மாற்றிவிட முடியும் என்பது பலருக்குத் தெரியாது. முன்பணம் லாட்ஜ் பெயரிலுள்ள நடப்புக் கணக்குக்கு மட்டுமே என்று ரசீதிலும் வாசல் பலகையிலும் எழுதி வைக்கட்டும். போலிப் பக்கம் கண்ணில் பட்டால், யாரும் ஏமாறுவதற்கு முன்பே சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் செய்துவிட வேண்டும். புகார் எண் கையில் இருந்தால், அமாவாசை அன்று கத்துகிறவரிடம் காட்டவாவது உதவும். மற்றபடி, கணக்கு எண் மாறிவிட்டது என்று எந்த வியாபாரியிடமிருந்து செய்தி வந்தாலும், பழைய எண்ணுக்கு அழைத்துக் குரலைக் கேட்காமல் பணம் அனுப்பக்கூடாது. வேலைக்கு வரும் பையன்களிடம், 'கமிஷன் தருகிறோம், உன் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் கொடு' என்று கேட்பவர்களைப் பற்றியும் சொல்லி வைக்க வேண்டும். அப்படிக் கொடுத்தவன்தான் முதலில் கைதாகிறான்.

உங்கள் விஷயத்துக்குத் திரும்புகிறேன். நிதி நிறுவனம் 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, மழுப்பலாகப் பதில் தந்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். பெரும்பாலான நிதி நிறுவனங்களும் கடன் தகவல் நிறுவனங்களும் அவருடைய வரம்பில் வருகின்றன. இழப்பீடு கேட்க நினைத்தால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. இன்ஜின் கடனுக்கு விண்ணப்பித்த வங்கி மேலாளரிடம் சி.எஸ்.ஆர். நகலையும் ஆட்சேபக் கடிதத்தின் நகலையும் இப்போதே கொடுத்து வையுங்கள். விண்ணப்பத்தை நிராகரிக்காமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியில் நிறுவனம் இறங்கி வரும்போது 'நிலுவை இல்லை' என்று ஒரு சான்றிதழ் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அதை வாங்காதீர்கள். அது கடன் வாங்கி அடைத்தவருக்குத் தருவது. இந்தக் கடன் உங்களால் பெறப்பட்டதல்ல, மோசடி என்று முடிவு செய்து பதிவை நீக்கிவிட்டோம் என்று எழுதிக் கேளுங்கள். அந்தக் கடிதம் கைக்கு வந்து ஒரு மாதம் கழித்து நான்கு ரிப்போர்ட்டுகளையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். இலவச முறை தீர்ந்திருந்தால் கட்டணம் கட்டியாவது எடுங்கள். ஒன்றிலாவது அந்தக் கடன் இன்னும் இருந்தால், அந்தக் கடிதத்தின் நகலோடு எனக்கு எழுதுங்கள்.